தொலைவிலிருந்து அறிவியல் கற்பித்தல்: சோதனை யார் கையில் இருக்க வேண்டும்?

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது தமிழ்நாட்டு ஆசிரியர்களிடம் கருவிகளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கைபேசியால் படிக்கக்கூடிய கியூஆர் குறியீடுகள் அச்சாகியிருந்தன. 2019 ஆகஸ்ட்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி இருந்தது. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்கள் விரைவிலேயே வகுப்பறைகளாக மாறின. செய்யுளுக்குப் பொருள் சொல்வதும் வரலாற்றைக் கதையாக விரிப்பதும் ஓரளவு திரைக்கு இடம்பெயர்ந்தன. அறிவியலும் இடம்பெயர்ந்துவிட்டதாகத்தான் தோன்றியது. ஆனால் அதில் பாதி வழியிலேயே விழுந்துபோயிற்று. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும் என்ற வாக்கியம் பிள்ளைகளின் குறிப்பேடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நிறம் மாறும் அந்த ஒரு நொடி போய்ச் சேரவில்லை.

அந்த நொடியை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆசிரியரும் மாணவர்களும் வெவ்வேறு இடங்களில் இருந்தபடி இணையம், தொலைக்காட்சி, வானொலி, தொலைபேசி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் வழியே நடத்துவது தொலைநிலை வகுப்பு. கலப்பு வகுப்பு என்ற சொல் இரண்டு வேறுபட்ட ஏற்பாடுகளைக் குறிக்கப் பயன்படுகிறது. 2021இல் பள்ளிகள் மீண்டும் திறந்தபோது பல இடங்களில் பார்த்ததுபோல, ஒரே மாணவர் சில நாள் பள்ளியிலும் சில நாள் வீட்டிலும் படிக்கும் சுழற்சி முறை ஒன்று. ஒரே மணியில் பாதிப் பேர் பெஞ்சிலும் மீதிப் பேர் திரையிலும் இருக்க, ஒரே ஆசிரியர் இரு தரப்புக்கும் பாடம் நடத்துவது மற்றொன்று. இரண்டாவதே மிகக் கடினமானது. அதைப் பற்றிப் பின்னர் தனியே பேசுவோம்.

எந்த அறிவியல் பாடத்தையும் பிரித்துப் பார்த்தால் மூன்று வேலைகள் தெரியும்: ஒருவர் சொல்வது, ஒவ்வொருவரும் செய்து காண்பது, கண்டதைப் பற்றி எல்லோரும் சேர்ந்து வாதிடுவது. பள்ளி அறைக்குள் இம்மூன்றும் ஒன்றோடொன்று கலந்து நடப்பதால் நாம் அவற்றைப் பிரித்தறிவதில்லை. தொலைவு வந்தவுடன் பிரித்தே ஆக வேண்டியிருக்கிறது. சொல்வதை ஆறேழு நிமிடக் காணொளியாகவோ குரல் பதிவாகவோ முன்கூட்டியே அனுப்பிவிடலாம். மாணவர் அதை இரவு ஒன்பது மணிக்குக் கேட்டாலும் நட்டமில்லை. செய்து காண்பது மாணவரின் வீட்டில், அவர் கையால், அவர் நேரத்தில் நடக்கலாம். வாதிடுவதற்கு மட்டுமே எல்லோரும் ஒரே நேரத்தில் கூட வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது: எல்லோரும் கூடியிருக்கும் அரிய நாற்பது நிமிடத்தைச் சொல்வதற்குச் செலவிட்டுவிட்டு, சோதனைக்கு ஒரு காணொளி இணைப்பை அனுப்பிவிட்டு, வாதத்தை அடியோடு விட்டுவிடுகிறோம். பேசப் பேசக் கற்பிப்பவருக்குத் திருப்தி பெருகும் என்பது உண்மைதான். ஆனால் திரைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதற்கு அந்தத் திருப்தி சாட்சியாகாது.

இந்த மூன்றையும் ஒரு கயிற்றில் கோக்க எளிய முறை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியக் கல்வி ஆய்வாளர்கள் ரிச்சர்ட் வைட், ரிச்சர்ட் கன்ஸ்டோன் இருவரும் 1992இல் விரிவாக எழுதிய அம்முறைக்குக் கணி, கவனி, விளக்கு என்று பெயரிடலாம். சோதனைக்கு முன்பே மாணவர் என்ன நடக்கும் என்று கணித்து, காரணத்தோடு எழுதிவிட வேண்டும். பிறகு சோதனையைக் கவனிக்க வேண்டும். கணிப்பும் காட்சியும் முரண்பட்டால் அந்த முரணை விளக்க வேண்டும். கணிப்பை எழுதாத மாணவர் எந்த முடிவைக் கண்டாலும் "இப்படித்தான் நடக்கும் என்று எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போவார். எழுதிவைத்தவரால் அப்படி நழுவ முடியாது. இணைய வகுப்பில் இதைச் செய்வது வகுப்பறையைவிட எளிது என்றே சொல்லலாம்: எல்லோரும் கணிப்பைத் தட்டச்சு செய்து, அனுப்பாமல் காத்திருந்து, ஆசிரியர் மூன்று எண்ணியதும் ஒன்றாக அனுப்ப வேண்டும். முதல் வரிசையில் கை தூக்கும் நான்கு பேரின் விடையைக் கேட்டு மற்றவர்கள் மனத்தை மாற்றிக்கொள்ளும் வழக்கமான விபத்து இங்கே நேர்வதில்லை.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். தனி ஊசலைப் பற்றிய பாடம். தேவையானவை நூல், ஒரு கல், அளவுகோல், நொடி காட்டும் கடிகாரம் அல்லது கைபேசி. இவற்றில் எதையும் கடையில் வாங்க வேண்டியதில்லை. வீட்டுச் சோதனைக்கு இது முதல் விதி, ஏனெனில் பத்து ரூபாய்ப் பொருளானாலும் வாங்கச் சொன்னவுடன் வகுப்பில் சிலர் சத்தமில்லாமல் விலகிவிடுவார்கள். கேள்வி இதுதான்: கனமான கல் வேகமாக ஆடுமா, மெதுவாக ஆடுமா? கனமானது வேகமாக ஆடும் என்று கணிப்பவர்கள் கணிசமாக இருப்பார்கள். பொருளின் கனம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமானது. இப்போது ஒவ்வொருவரும் தன் வீட்டில் கிடைப்பதைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள்: ஒரு வீட்டில் பூட்டு, ஒரு வீட்டில் கூழாங்கல், ஒரு வீட்டில் சின்ன வெங்காயம். நூலின் நீளத்தை மட்டும் ஆசிரியர் பங்கிட்டுக் கொடுக்கிறார்: பத்துப் பேருக்கு 25 சென்டிமீட்டர், பத்துப் பேருக்கு 50, பத்துப் பேருக்கு ஒரு மீட்டர். ஊசலைச் சிறிதளவே விலக்கி விட வேண்டும். பத்து முழு அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து, வகுப்புக்குப் பொதுவான ஓர் அட்டவணையில் எழுத வேண்டும்.

அட்டவணை நிறைந்ததும் எண்கள் தாமாகவே பேசத் தொடங்கும். 25 சென்டிமீட்டர் ஊசல்கள் பத்து அலைவுக்குச் சுமார் 10 நொடியும், 50 சென்டிமீட்டர் ஊசல்கள் சுமார் 14 நொடியும், ஒரு மீட்டர் ஊசல்கள் சுமார் 20 நொடியும் எடுத்துக்கொண்டிருக்கும். பூட்டுக்கும் வெங்காயத்துக்கும் வேறுபாடு தென்படாது. நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குதான் ஆகிறது என்பதை யாரேனும் ஒருவர் கண்டுபிடித்துச் சொல்லும்வரை ஆசிரியர் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. வகுப்பறை ஆய்வகத்தில் ஒரே மாதிரியான உலோகக் குண்டுகளை வைத்துக்கொண்டு ஆறு குழுக்கள் செய்யும்போது இவ்வளவு வகையான எடைகள் கிடைப்பதில்லை; வீடுகள் பலவாக இருப்பதே இங்கே சோதனைக்கு வலுச் சேர்க்கிறது.

அட்டவணையில் வேறு ஒன்றும் தெரியும். ஒரு மீட்டர் ஊசலுக்கு எல்லோரும் 20 நொடி என்று எழுதியிருக்க, நாலைந்து பேர் மட்டும் 18 என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். ஊசலை விட்ட கணத்தில் "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியவர்கள். ஆகவே அவர்கள் அளந்தது ஒன்பது அலைவுகளைத்தான். பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும் என்பதைத் தாமே கண்டறிந்த பிள்ளை அதை மறப்பதில்லை. அதேபோல, ஓர் அலைவை மட்டும் அளக்காமல் ஏன் பத்தை அளக்கிறோம் என்பதும் இங்கேதான் விளங்கும்: பொத்தானை அழுத்தும் விரல் சுமார் 0.2 நொடி பிசகினாலும், அந்தப் பிசகு பத்து அலைவுகளுக்குப் பங்கிடப்படும்போது ஓர் அலைவுக்கு 0.02 நொடியாகச் சுருங்கிவிடுகிறது. நூலின் நீளத்தை முடிச்சு வரை அளப்பதா, கல்லின் நடு வரை அளப்பதா என்ற சச்சரவு நிச்சயம் எழும். எழாவிட்டால் ஆசிரியரே கிளப்பிவிட வேண்டும்.

இத்தகைய பாடத்தைக் கெடுக்க ஒரே ஒரு பாராட்டு போதும். சரியான விடையோடு வந்தவரை மட்டும் பாராட்டினால், அடுத்த வாரம் எல்லோரும் சரியான விடையோடுதான் வருவார்கள். ஊசல் மட்டும் தொங்கியிருக்காது. புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடச் சொன்ன வகுப்பில் முப்பது பேரும் துல்லியமாக 9.8 என்று எழுதினால், அளந்தது யாருமில்லை என்று பொருள். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி முப்பது ஆண்டுகள் நடந்த அறிவியல் கல்வித் திட்டம், எளிய பொருள்கள் அடங்கிய சோதனைப் பெட்டியைக் கொடுத்து, பிள்ளைகள் தாமே செய்து முடிவுக்கு வர வேண்டும் என்று வலியுறுத்தியது. முடிவை முன்பே சொல்லிவிட்டால் சோதனை வெறும் சடங்காகிவிடும் என்ற அந்தப் பட்டறிவு தொலைநிலை வகுப்புக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும், ஏனெனில் விடையைத் தேடித்தரும் கருவியும் பாடம் நடக்கும் கருவியும் இங்கே ஒன்றேதான். ஆகவே தேர்வுக் கேள்வியும் மாற வேண்டும். "தனி ஊசலின் விதிகளை எழுதுக" என்பதை விட்டுவிட்டு, "உன் அளவு வகுப்பின் சராசரியிலிருந்து ஏன் விலகியது?" என்று கேட்டால், நண்பனின் விடையைப் பார்த்து எழுத வழியே இல்லை.

எல்லாச் சோதனைகளையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. எதை அனுப்பலாம் என்பதற்கு அடுப்பங்கரையே நல்ல அளவுகோல்: உண்ணும் பொருளும் அன்றாடம் கையாளும் பொருளும் கொண்டு செய்யக்கூடியவை போகலாம். மஞ்சள் தூள் தடவிய தாளில் சோப்பு நீர் பட்டால் செங்காவி நிறமாகும், எலுமிச்சைச் சாறு பட்டால் மஞ்சளாகவே இருக்கும். செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறவைத்த சாறு புளிப்பில் சிவந்தும் காரத்தில் பச்சையாகவும் மாறும். பாசிப்பயறை வெளிச்சத்திலும் அலமாரிக்குள்ளும் முளைக்கவைத்து நாளுக்கு ஒரு படம் எடுக்கலாம். ஆனால் கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும் என்பதை, "வீட்டிலுள்ள பொருள்களைச் சோதித்துப் பாருங்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் ஆசிரியர் நினைவில் கொள்ள வேண்டும். எந்தெந்தப் பொருள்கள் என்று பெயர் சொல்லிப் பட்டியல் கொடுத்து, அதற்கு வெளியே எதையும் தொடக்கூடாது என்று எழுதியே அனுப்ப வேண்டும். நெருப்பும், சுவர்ப் பிளக்கில் வரும் மின்சாரமும் எந்த வயதினருக்கும் வீட்டுப்பாடமாகக் கூடாது.

அப்படி அனுப்பக்கூடாதவற்றை ஆசிரியர் நேரலையில் செய்து காட்டலாம். தட்டில் நீர் ஊற்றி, நடுவே எரியும் மெழுகுவத்தியை வைத்து, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கும் பழைய சோதனையை எடுத்துக்கொள்வோம். சுடர் அணைகிறது, நீர் உள்ளே ஏறுகிறது. ஆக்சிஜன் தீர்ந்ததால் அந்த இடத்தை நீர் நிரப்பியது என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கம். அது பெரும்பாலும் தவறு. சுடரின் சூட்டில் காற்று விரிவடைகிறது. கவிழ்க்கும்போதே அதில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது, சில சமயம் டம்ளரின் விளிம்பில் குமிழிகளாகவும் தெரியும். சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. சுடர் எரியும்போது மெல்ல ஏறாமல், அணைந்த பிறகே நீர் விரைந்து ஏறுகிறது என்பதைக் கண்ணால் கண்டால் பழைய விளக்கம் ஆட்டம் காணும். வகுப்பறையின் கடைசி வரிசைக்கு இந்த நுட்பம் தெரியாது; கைபேசியைப் புத்தக அடுக்கின் மேல் வைத்து, அதன் கண்ணை மேசையை நோக்கித் திருப்பிவிட்டால் வீட்டிலிருக்கும் கடைசிப் பிள்ளைக்கும் தெரியும். ஆசிரியரின் முகத்தை அந்த இரண்டு நிமிடம் யாரும் பார்க்க வேண்டியதில்லை.

கையாலும் செய்ய முடியாத, காட்டவும் முடியாத பாடங்களுக்குக் கணினிப் பாவனைகள் உண்டு. 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் மறு ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் பாவனைகள் இலவசமானவை. தமிழிலும் பல கிடைக்கின்றன, பதிவிறக்கி இணையம் இல்லாமலும் ஓட்டலாம். மின்சுற்று, அணுவின் அமைப்பு போன்றவற்றுக்கு இவை மிகவும் உதவும். ஆனால் பாவனையில் சோதனை ஒருபோதும் தோற்பதில்லை, கம்பி துருப்பிடிப்பதில்லை, எலக்ட்ரான் உருண்டைகளுக்கு வண்ணம் வேறு பூசியிருக்கும். எது இயற்கை, எது வரைந்தவரின் வசதி என்று ஒருமுறையேனும் பேசிவிட வேண்டும்.

இனிக் கலப்பு வகுப்பு. அறையில் இருபது பேரும் திரையில் பத்துப் பேரும் இருக்கும்போது, திரையிலிருப்பவர்கள் மெல்ல மெல்லப் பார்வையாளர்களாகிவிடுவதே இயல்பான போக்கு. முதல் காரணம் ஒலி. ஆசிரியர் பேசுவது கேட்கும். அறையின் மூலையிலிருந்து ஒரு மாணவி கேட்ட நல்ல கேள்வி கேட்காது. பணம் இருப்பது ஒரு பொருளுக்குத்தான் என்றால், விலையுயர்ந்த கேமராவை விட்டுவிட்டு நல்ல ஒலிவாங்கியை வாங்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கும் வழியில்லாதபோது, அறையில் எழும் ஒவ்வொரு கேள்வியையும் ஆசிரியர் தன் வாயால் மறுபடி சொல்லிவிட்டுப் பதிலளிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். இரண்டாவது காரணம் வேலைப் பங்கீடு. அறையில் சோதனை செய்யும் ஒவ்வொரு குழுவிலும் திரையிலிருக்கும் ஒருவரை உறுப்பினராக்கி, அடுத்து எந்த நீளத்தை அளப்பது என்று முடிவெடுப்பதையும் எண்களைப் பதிவதையும் அவரிடமே கொடுத்துவிட வேண்டும். கை அறையில் இருக்கும், தீர்மானம் திரையில் இருக்கும். அவர் சொல்லாமல் குழு நகர முடியாது என்ற நிலை வந்தால், அவர் கேமராவை அணைத்துவிட்டுப் போய்விட முடியாது.

இவ்வளவும் இணையம் சீராக இருந்தால்தானே என்று கேட்பது நியாயம். பல வீடுகளில் ஒரே கைபேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்பும். அங்கே குரல் பதிவும் குறைந்த அளவுப் படங்களுமே வகுப்பு. அட்டவணை நிரம்ப ஒரு மாலைக்குப் பதில் மூன்று நாள் ஆகும், அவ்வளவுதான். ஒருவழி ஊடகங்களிலும்கூடச் செய்யக்கூடியது உண்டு. 1970களில் நிகரகுவாவில் வானொலி வழியே கணிதம் கற்பித்தபோது, கேள்வி கேட்டதும் பிள்ளைகள் உரக்கப் பதில் சொல்வதற்காக நிகழ்ச்சியிலேயே இடைவெளி விட்டார்கள். தொலைக்காட்சி அறிவியல் பாடத்திலும் குரல் பதிவிலும், "என்ன ஆகும் என்று எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு முப்பது நொடி மௌனம் காப்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

தொலைவு இருந்தால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. மார்ச் 21 அன்று நண்பகலில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டால், சென்னையில் அதன் நிழல் சுமார் 23 சென்டிமீட்டர் இருக்கும். கன்னியாகுமரியில் சுமார் 14 சென்டிமீட்டர்தான். இங்கே நண்பகல் என்பது கடிகாரத்தின் பன்னிரண்டு மணி அன்று, நிழல் மிகக் குட்டையாக இருக்கும் கணம்; அது அன்று சென்னையில் ஏறத்தாழ 12.16க்கும், மேற்கே தள்ளியிருக்கும் குமரியில் அதற்கு 11 நிமிடம் கழித்தும் வரும். ஆகவே இரு ஊர்ப் பள்ளிகளும் பன்னிரண்டிலிருந்து முக்கால் மணி நேரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறித்துவந்து, மிகக் குட்டையான அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை, தரையில் விழும் நிழல் போதும்.

குச்சியையும் நிழலையும் தாளில் அளவுக்கு வரைந்து பாகைமானியால் அளந்தால், குச்சி நுனியில் அமையும் கோணம் சென்னைக்குச் சுமார் 13 பாகை, குமரிக்கு 8 பாகை. வேறுபாடு 5 பாகை. இரு ஊர்களுக்கும் இடையே வடக்கு தெற்காக உள்ள தூரத்தை வரைபடத்தில் அளந்தால் சுமார் 555 கிலோமீட்டர். பேருந்து போகும் தூரத்தை எடுக்கக் கூடாது என்பதற்குக் காரணத்தைப் பிள்ளைகளே சொல்லட்டும். 5 பாகைக்கு 555 என்றால் 360 பாகைக்கு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு கைக்கு வந்துவிட்டது. கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் இதே வழியில்தான் கணக்கிட்டார். அவருக்கு வாட்ஸ்அப் இல்லை. ஒரே பள்ளியின் முற்றத்தில் எத்தனை குச்சி நட்டாலும் இந்த விடை வராது. நிழலில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் விடையில் சுமார் 4,000 கிலோமீட்டர் பிசகும் என்பதால், ஊசல் பாடத்தில் பிழையைப் பற்றிப் பேசியது இங்கே பயன்படும்.

அன்று ஒரு ஊரில் மேகம் மூடிவிட்டால் என்ன செய்வது? பதறத் தேவையில்லை, இரு ஊர்களிலும் ஒரே நாளில் அளந்தால் போதும், அடுத்த வாரம் நிழல்கள் இரண்டும் குறைந்திருந்தாலும் கோணங்களின் வேறுபாடு அதே 5 பாகையாகவே இருக்கும். ஆனால் ஏப்ரல் நடுவில் சுமார் இரண்டு வாரம், நண்பகல் சூரியன் இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட இடத்தில் உச்சிக்கு வருவதால், சென்னையில் நிழல் வடக்கேயும் குமரியில் தெற்கேயும் விழும். அப்போது கோணங்களைக் கழிப்பதா, கூட்டுவதா என்ற கேள்வியை இரு ஊர் மாணவர்களிடமும் ஒரே நேரத்தில் கேட்டு, மூன்று எண்ணும்வரை யாரையும் விடையை அனுப்பவிடாமல் வைத்திருக்கலாம்.